மென்பொருள் வடிவமைப்பும் திட்டமிடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட் எழுதுவதில் கை தேறியவர்கள், ஒரு கட்டத்தில் முழு சிஸ்டத்தையும் வடிவமைக்கவும் 'எப்போது முடியும்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். அவர்களுக்கான பக்கம் இது. டிசைனை ஒருவரிடமும் பிளானிங்கை இன்னொருவரிடமும் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எது இன்னும் நமக்குத் தெரியவில்லை, எதைப் பின்னால் மாற்றினால் வலிக்கும் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இரண்டு வேலையும் நடக்கின்றன. உதாரணம் தேவைப்படும் இடங்களில் மருத்துவமனைக்கான அப்பாயின்ட்மென்ட் சிஸ்டம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோட் எழுத ஆரம்பிப்பதற்கு முன் எவ்வளவு டிசைன் செய்ய வேண்டும்?

பக்கக் கணக்கில் பதில் கிடையாது. எந்த முடிவைத் திரும்பப் பெறுவது கடினமோ, அதற்கு மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள். திரையில் பட்டன் எங்கே வரும், ஒரு ஃபங்ஷனுக்குள் எந்த லூப் என்பதையெல்லாம் நாளைக்கே மாற்றிவிடலாம். டேட்டாபேஸில் எதை எந்த வடிவத்தில் சேமிக்கிறோம், வெளியாட்கள் பயன்படுத்தும் ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் நம் சிஸ்டத்தோடு பேசும் வாசல்) எப்படி இருக்கும், ஒரு தகவலுக்கு எந்தப் பகுதி சொந்தக்காரன் ஆகியவற்றை அப்படி மாற்ற முடியாது. டேட்டா சேர்ந்துவிட்ட பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு டயர் மாற்றுகிற கதைதான்.

சின்னதாகத் தோன்றும் மூன்று முடிவுகள் அடிக்கடி காலை வாரும். முதலாவது எண்ணின் அளவு. கழித்தல் எண்களுக்கும் இடம் தரும் 32 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 2,14,74,83,647 வரைதான் போகும். 2014-ல் ஒரு பாட்டு வீடியோவின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டப் போகிறது என்று யூடியூப் தன் கவுன்டரை 64 பிட்டுக்கு மாற்றியது. இரண்டாவது பணம். அதை வழக்கமான மிதவை எண்ணாக (ஃப்ளோட்) வைத்தால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போதே சரியாக 0.3 வராது. நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். மூன்றாவது நேரம். நடந்து முடிந்ததை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைப்பது நல்லது. அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்கு உள்ளூர் நேரத்தையும் டைம்ஸோன் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும். அரசு ஒன்று தன் நேர விதியை இடையில் மாற்றினாலும் நோயாளி காலை 10 மணிக்குத்தானே வருவார்!

கிளையன்டுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் வேறு எங்கோ பார்த்த ஆப் ஒன்றின் ஞாபகம்தான் பதிலாக வரும். 'போன வாரம் நடந்த ஒரு கேஸைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

ரிசப்ஷனில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். விதி என்னவோ ஒரு நேரத்துக்கு ஒரு நோயாளி. பதிவேட்டில் 10.15-க்கு எதிரே பேனாவில் ஒரு பெயர், பக்கத்தில் பென்சிலில் இன்னொரு பெயர். கேட்டால், 'முதல் ஆள் பாதி நாள் வரமாட்டார், அதனால் இவரையும் போட்டு வைத்திருக்கிறேன்' என்பார்கள். ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டின் எந்தப் பக்கத்திலும் அந்தப் பென்சில் பெயர் இருக்காது. அதை விட்டுவிட்டுக் கட்டிய சிஸ்டத்தை ரிசப்ஷனிஸ்ட் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பழைய நோட்டுப் புத்தகத்துக்கே போய்விடுவார். விதிவிலக்குகளைச் சேகரியுங்கள். வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கூடவே சில எண்களையும் வாங்கிவிடுங்கள். உச்ச நேரத்தில் எத்தனை பேர், ஒரு திரை எத்தனை வினாடிக்குள் வர வேண்டும், எவ்வளவு நேரம் நின்றுபோனால் தாங்குவார்கள், எத்தனை ஆண்டு டேட்டாவை வைத்திருக்க வேண்டும்? சரியான எண் கிடைக்காவிட்டாலும் நூறா, லட்சமா என்பதாவது தெரிய வேண்டும்.

99.9 சதவீத அப்டைம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

அப்டைம் என்றால் சிஸ்டம் நிற்காமல் ஓடும் நேரம். முதலில் அதை மணிக்கணக்காக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 99.9 என்றால் சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் 53 நிமிடம்கூட இல்லை. 99.999 என்றால் 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. நள்ளிரவில் அலாரம் அடித்து, ஒருவர் எழுந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் அந்த 5 நிமிடம் போய்விடும். அந்த அளவுக்குப் போனால் மனிதக் கை படாமல் சிஸ்டமே தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். செலவும் அதற்கேற்பதான்.

இன்னொன்றையும் மறந்துவிடுவார்கள். உங்கள் சிஸ்டம் வேலை செய்ய ஐந்து சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், ஒவ்வொன்றும் 99.9 தரும் என்றால், மொத்தம் 99.5-தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 44 மணி நேரம். பணம் வசூலித்துத் தரும் வெளிச் சேவையான பேமென்ட் கேட்வே ஒன்றின் எண்ணை விட உயர்ந்த எண்ணை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நீங்கள் வாக்குக் கொடுக்கவே முடியாது. அது விழுந்தாலும் அப்பாயின்ட்மென்ட் போடலாம், பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று டிசைன் செய்திருந்தால் மட்டும் முடியும்.

மோனோலித்தா, மைக்ரோசர்வீஸா?

எல்லாம் ஒரே புரோகிராமாக இருப்பது மோனோலித், தனித்தனியாக ஓடும் பல சிறு சர்வீஸ்களாகப் பிரிப்பது மைக்ரோசர்வீஸ். டீம் சிறியதாக இருந்தால் மோனோலித். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரே புராசஸுக்குள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது நானோ வினாடிக் கணக்கு. அதே டேட்டா சென்டரில் இன்னொரு மெஷினைக் கேட்டுப் பதில் வர அரை மில்லி வினாடி ஆகலாம், அதாவது லட்சம் மடங்கு. வேகத்தை விடப் பெரிய சிக்கல் தோல்வி. ஃபங்ஷன் கால் ஒன்று வேலை செய்யும், அல்லது எரர் தரும். நெட்வொர்க் கால் மூன்றாவதாக ஒன்றும் செய்யும்: பதிலே வராது. எதிர்ப்பக்கம் வேலை நடந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ட்ஷ், பல மெஷின்களில் பரவிய சிஸ்டங்களைக் கட்டுபவர்கள் நம்பி ஏமாறும் விஷயங்களை 1994-ல் பட்டியல் போட்டார். அதில் முதல் வரியே 'நெட்வொர்க் நம்பகமானது' என்பதுதான்.

பிறகு ஏன் பெரிய நிறுவனங்கள் பிரிக்கின்றன? பெரும்பாலும் ஆட்களுக்காக. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த வடிவத்தில்தான் அது கட்டும் சிஸ்டமும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-ல் எழுதினார். முந்நூறு பேர் ஒரே கோட்பேஸில் ஒருவர் ரிலீஸுக்கு இன்னொருவர் காத்திருந்தால் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆறு பேர் பதினான்கு சர்வீஸ் வைத்திருந்தால், அவர்கள் பாதி நேரம் டிப்ளாய்மென்ட் ஃபைல்களோடுதான் மல்லுக்கட்டுவார்கள்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. வீடியோ, ஆடியோ தரத்தைக் கண்காணிக்கும் தங்கள் கருவி ஒன்றைப் பல சர்வர்லெஸ் துண்டுகளிலிருந்து (தேவைப்படும்போது மட்டும் கிளவுடில் ஓடும் சிறு புரோகிராம்கள்) ஒரே புராசஸுக்குக் கொண்டுவந்ததில் உள்கட்டமைப்புச் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக அமேசான் பிரைம் வீடியோ டீம் 2023-ல் எழுதியது. அதை வைத்து 'மைக்ரோசர்வீஸ் செத்தது' என்று கூவியவர்கள் பதிவைச் சரியாகப் படிக்கவில்லை. ஒரு டீமின் ஒரு கருவியைப் பற்றியது அது. துண்டுகளை ஒருங்கிணைக்கும் சேவையின் செலவும், ஒவ்வொரு ஃபிரேமும் சேமிப்பகத்துக்குப் போய்த் திரும்பி வந்த செலவும்தான் அங்கே பிரச்சினை.

சரி, மோனோலித்துக்குள் மாட்யூல்களை எப்படிப் பிரிப்பது?

டேவிட் பார்னாஸ் 1972-ல் சொன்னதை விடச் சிறந்த வழியை நான் இன்னும் பார்க்கவில்லை. வேலை நடக்கும் வரிசையில் முதல் படி ஒரு மாட்யூல், இரண்டாம் படி ஒரு மாட்யூல் என்று வெட்டாதீர்கள் என்றார் அவர். மாறக்கூடிய முடிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வைக்கச் சொன்னார்.

நம் சிஸ்டத்தில் என்னவெல்லாம் மாறும்? நினைவூட்டல் இன்று எஸ்எம்எஸ், நாளை வாட்ஸ்அப். கட்டணக் கணக்கு. மருத்துவரின் நேர அட்டவணை விதிகள். இவை மூன்றும் மூன்று மாட்யூல்கள். பிரித்த பிறகு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'எஸ்எம்எஸ்ஸை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போனால் எத்தனை ஃபைலைத் தொட வேண்டும்?' பதில் ஒரே ஃபோல்டருக்குள் அடங்கினால் பிரிவு சரி. புக்கிங் கோடுக்குள் எஸ்எம்எஸ்ஸின் 160 எழுத்து வரம்பைப் பற்றி ஒரு வரி இருந்தால் ரகசியம் ஏற்கெனவே கசிந்துவிட்டது.

ஒரே ஸ்லாட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் புக் செய்தால்? பணம் கட்டும்போது நெட் போனால்?

இரண்டும் ஒரே குடும்பத்துப் பிரச்சினைகள். பெரும்பாலான டிசைன் டாக்குமென்ட்களில் இவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது.

முதல் கேள்வியில், 'காலியா என்று பார், காலி என்றால் எழுது' என்று கோடில் எழுதினால் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. டெஸ்டிங்கில் ஒரே ஆள் சோதிப்பதால் அது கண்ணில் படாது. மருத்துவர், தேதி, நேரம் மூன்றையும் சேர்த்து டேட்டாபேஸிலேயே யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போடுங்கள். இரண்டாவதாக வருபவரை டேட்டாபேஸே தடுத்துவிடும். 'இந்த நேரம் இப்போதுதான் எடுக்கப்பட்டது' என்று மரியாதையாகச் சொல்வது மட்டும்தான் கோடின் வேலை. பென்சில் பெயர் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இடம் கொடுக்க ஸ்லாட்டுக்கு 1, 2 என்று வரிசை எண்ணையும் அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டில் சேர்க்க வேண்டும். ரிசப்ஷனில் உட்கார்ந்து பார்க்காதவருக்கு இந்த வரிசை எண் தேவை என்றே தெரிந்திருக்காது.

இரண்டாவது கேள்வியில் நடப்பது இது. நோயாளி 'பணம் செலுத்து' என்பதை அழுத்துகிறார். சர்வர் கேட்வேயைக் கூப்பிடுகிறது. கேட்வே பணத்தை எடுத்துவிட்டது, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது. திரையில் டைம்அவுட். நோயாளி மறுபடி அழுத்துகிறார். இரண்டு முறை பணம் போனது. இதைத் தவிர்க்க, பணம் கட்டும் திரை திறக்கும்போதே ஒரு தனித்த சாவி எண்ணை உருவாக்கி, எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் கேட்வே மறுபடி பணம் எடுக்காது, பழைய பதிலையே திருப்பித் தரும். ஐடெம்பொடென்ஸி என்பது இதுதான். பட்டனை ஒருமுறை அழுத்தியதும் மங்கலாக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பேஜை ரீலோட் செய்தால் பட்டன் மறுபடி உயிரோடு வந்துவிடும்.

ஏற்கெனவே நன்றாக ஓடும் பழைய கோடை அப்படியே எடுத்துப் போடலாமா?

எடுக்கலாம். அது எந்தச் சூழலை நம்பி எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம், கிளம்பி 40 வினாடி ஆவதற்குள் முடிந்துபோனது. திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியன் 4-லிருந்து வந்தது. கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு மதிப்பை 64 பிட் மிதவை எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று அதில் இருந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு 32,767-ஐத் தாண்டாது. புதியதன் பாதை வேறு, வேகம் அதிகம். எண் வழிந்தது, கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான், அதுவும் அதே காரணத்தால் நின்றது. இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்தக் கணக்கு கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை.

இரண்டு டீம்கள் கட்டும் பகுதிகள் சேரும் இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அலகு, காலியான மதிப்பு, தோல்வி. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் தொலைந்தது அலகால்தான். தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பகுதி, உந்துதலைப் பவுண்ட் வினாடியில் தந்தது. வாங்கிய பகுதி அதை நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு.

உங்கள் ஏபிஐயில் 'நேரம்: 30' என்று ஒரு ஃபீல்டு இருந்தால் அது வினாடியா நிமிடமா? பெயரிலேயே அலகை வையுங்கள். இரண்டு பக்கமும் முடியும்வரை காத்திருக்காமல், முதல் வாரத்திலேயே பொய்யான பதில் தரும் வெற்று சர்வீஸ் ஒன்றை வைத்து இணைத்துப் பாருங்கள். புராஜெக்ட் பிளானில் 'இன்டெக்ரேஷன்: கடைசி இரண்டு வாரம்' என்று எழுதியிருந்தால், தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்த வரியே சொல்கிறது.

டிசைன் டாக்குமென்ட்டில் என்ன எழுத வேண்டும்?

குறைவாக எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். மைக்கேல் நைகார்ட் 2011-ல் முன்வைத்த முறை எனக்குப் பிடிக்கும். ஒரு முடிவுக்கு ஒரு சிறு ஃபைல், கோடோடு சேர்த்தே ரெப்போவில் (கோட் சேமிக்கப்படும் இடத்தில்) இருக்கும். சூழல் என்ன, எடுத்த முடிவு என்ன, அதனால் வரும் நல்லதும் கெட்டதும் என்ன. கைவிட்ட மாற்று வழிகளையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் புதிதாக வந்தவர் 'ஏன் இப்படி முட்டாள்தனமாகச் செய்திருக்கிறார்கள்?' என்று கேட்கும்போது பதில் அங்கே இருக்கும்.

எஸ்டிமேட் ஏன் எப்போதும் குறைவாகவே வந்து தொலைக்கிறது?

எல்லாம் சரியாக நடந்தால் எப்படிப் போகும் என்ற கதையைத்தான் மனம் கற்பனை செய்கிறது. டேனியல் கானிமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அனுபவசாலிகளும் தப்புவதில்லை. பழைய புராஜெக்ட்கள் தாமதமானது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், இந்தமுறை மட்டும் வேறு என்று நினைப்பார்கள்.

இரண்டாவது காரணம், கேட்கும் நேரம். யோசனை நிலையிலேயே எஸ்டிமேட் கேட்டால், உண்மையான உழைப்பு அதன் கால் பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை எங்கும் போகலாம் என்று பாரி போம் 1981-ல் வரைபடம் போட்டுக் காட்டினார். டிசைன் முன்னேற முன்னேற அந்த இடைவெளி சுருங்கும். தானாகச் சுருங்காது, தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வேலையைச் செய்தால்தான் சுருங்கும்.

ஒரு வேலைக்கு ஒற்றை எண் சொல்லாமல் மூன்று எண் சொல்லிப் பழகுங்கள். பேமென்ட் இணைப்பு நன்றாகப் போனால் 4 நாள், வழக்கமாக 6, மோசமானால் 20 என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் திட்டத்துக்காக 1958-ல் உருவான பெர்ட் முறையில், நடு எண்ணை நான்கால் பெருக்கி, ஓரங்களைக் கூட்டி, ஆறால் வகுத்தால் 8 நாள் வரும். நீங்கள் வாய் தவறி 6 என்று சொல்லியிருப்பீர்கள். அந்த 20 எங்கிருந்து வந்தது என்று பேசுவது 8-ஐக் கண்டுபிடித்ததை விட முக்கியம். 'கேட்வே நிறுவனம் டெஸ்ட் அக்கவுன்ட் தர இரண்டு வாரம் இழுக்கும்' என்று யாராவது சொல்வார்கள். அப்படியானால் அந்த விண்ணப்பத்தை இன்றே அனுப்புங்கள். எஸ்டிமேட் கூட்டத்தில் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான்.

எண்ணில் சேர மறந்துபோகிறவை: பழைய டேட்டாவைக் கொண்டுவருவது, ரிவ்யூவுக்குக் காத்திருப்பது, செக்யூரிட்டி சோதனை, பயனர்களுக்குப் பயிற்சி, நடுவில் பழைய சிஸ்டத்தில் வரும் அவசரங்கள்.

மேனேஜர் ஒரே ஒரு தேதிதான் கேட்கிறார். என்ன செய்ய?

தேதியைக் கொடுங்கள், அந்தத் தேதியில் என்னென்ன இருக்கும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். 'மார்ச் 15-க்குப் புக்கிங்கும் ரத்தும் உறுதி. ஆன்லைன் பணம் ஏப்ரல் நடுவில்.' தேதி அசையாது என்றால் வேலையின் அளவு அசைய வேண்டும். இரண்டும் அசையாது என்பவர் தரத்தைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார். எஸ்டிமேட், இலக்கு, வாக்குறுதி மூன்றும் வெவ்வேறு என்பதை ஒருமுறையாவது எழுத்தில் சொல்லி வையுங்கள்.

தாமதமாகிவிட்டது. இன்னும் நாலு பேரைச் சேர்த்தால்?

இன்னும் தாமதமாகும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் இதை எழுதிவிட்டார், ஐம்பது வருடமாக எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டே ஆள் சேர்க்கிறார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஐந்து பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச 10 இணைப்புகள், ஒன்பது பேர் என்றால் 36. அதோடு, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் உங்கள் டீமில் அதிகம் தெரிந்தவர்தான். தாமதத்தில் ஏற்கெனவே மூச்சுத் திணறுபவரும் அவரேதான்.

தனியாகக் கழற்றிக் கொடுக்கக்கூடிய வேலை இருந்தால் ஆள் சேர்க்கலாம். ரிப்போர்ட் பகுதி, டெஸ்ட் ஆட்டோமேஷன், டேட்டா சுத்தம் போன்றவை. அப்படிக் கழற்ற முடிகிறதா என்பது மாட்யூல்களை நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

எல்லோருக்கும் நூறு சதவீதம் வேலை ஒதுக்கிவிட்டால் சீக்கிரம் முடியாதா?

வரிசைக் கோட்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் மாறுபடும் எளிய மாதிரியில், ஒரு வேலையின் சராசரி நேரத்தை ஒன்று என்று வைத்தால், ஆள் 50 சதவீதம் பிசியாக இருக்கையில் காத்திருப்பு 1. 80-ல் அது 4. 90-ல் 9. 95-ல் 19. சர்வருக்கும் இதே கணக்கு, டெஸ்டருக்கும் இதே கணக்கு. சர்வர் சிபியூ 95-ல் ஓடினால் பதறுகிறவர்கள் மனிதர்களை 110-ல் ஓட்டித் திட்டம் போடுகிறார்கள்.

வாட்டர்ஃபாலா, அஜைலா?

ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது என்பது வாட்டர்ஃபால், சிறு சிறு சுற்றுகளாகக் கட்டிக் காட்டிப் போவது அஜைல். இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. வாட்டர்ஃபாலின் தந்தை என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் அந்த வரிசைப் படத்தை வரைந்த கையோடு, இதை அப்படியே செய்வது ஆபத்து என்றும் எழுதினார். புதிய வகை சிஸ்டம் என்றால் முன்னோட்டமாக ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கொடுங்கள் என்பதும் அவர் யோசனை. 2001 பிப்ரவரியில் யூட்டாவில் கூடி அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரும், தினசரி நின்றுகொண்டு நடத்தும் கூட்டத்தை யாருக்கும் கட்டாயமாக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உண்மையான பயனர் கையில் ஓடுகிற ஒன்றைக் கொடுக்கிறீர்களா? ஆம் என்றால் பெயர் எதுவானாலும் சரி.

எந்தப் பகுதியை முதலில் கட்டுவது?

பயப்படுகிற பகுதியை. லாகின் திரை எல்லோருக்கும் தெரிந்த வேலை, அதனால் அதில்தான் ஆரம்பிப்பார்கள். மூன்று வாரத்தில் அழகான டெமோ கிடைக்கும், புராஜெக்ட்டைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. நம் உதாரணத்தில் ஆபத்து, மருத்துவமனையின் பழைய பில்லிங் சிஸ்டத்தோடு பேசுவதில் இருக்கிறது. முதல் வாரத்தில் அசிங்கமான ஒரே ஒரு திரை, ஒரே ஒரு புக்கிங், அது பழைய பில்லிங்கில் ஒரு வரியாகப் போய் விழ வேண்டும். பழைய சிஸ்டம் ஏபிஐ தராது, இரவு 2 மணிக்கு ஒரு ஃபைலை மட்டும் வாங்கிக்கொள்ளும் என்று அப்போதே தெரிந்துவிட்டால் டிசைனை மாற்றலாம். ஐந்தாவது மாதத்தில் தெரிந்தால் தேதியை மாற்றுவீர்கள்.

ஏஐ கருவிகள் கோட் எழுதித் தருகின்றன. பழைய கணக்கெல்லாம் செல்லுமா?

டைப் செய்யும் நேரம் குறைந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. டெஸ்ட் அக்கவுன்டுக்குக் காத்திருப்பதும், பென்சில் பெயரைக் கண்டுபிடிப்பதும், வந்த கோட் சரியா என்று படிப்பதும் குறையவில்லை. கோட் வேகமாகக் குவிவதால் ரிவ்யூ வரிசை நீளும்.

பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுதாகப் புதிதாக எழுதலாமா?

எழுதுகிற காலம் முழுக்கப் பயனர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது என்பதை ஏற்க முடிந்தால் எழுதுங்கள். நெட்ஸ்கேப் 1998-ல் தன் பிரவுசரைப் புதிதாக எழுத முடிவு செய்தது. பதிப்பு 5 வரவே இல்லை. 6 வந்தபோது 2000 நவம்பர். அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது.

மார்ட்டின் ஃபௌலர் 2004-ல் எழுதிய, இப்போது ஸ்ட்ராங்க்ளர் ஃபிக் என்று அழைக்கப்படும் முறை பாதுகாப்பானது. பழைய சிஸ்டத்துக்கு முன்னால் ஒரு வாசல் வைத்து, ஒவ்வொரு வசதியாகப் புதிய பக்கம் திருப்பிவிடுவது. பாதியில் நிறுத்தச் சொன்னாலும் இதுவரை செய்தது பயனில் இருக்கும். பழைய கோடில் காரணம் தெரியாத ஒரு 'இஃப்' கண்டிஷன் வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள், அது யாரோ ஒருவருடைய பென்சில் பெயராக இருக்கலாம்.

ரிலீஸ் நாளுக்கு என்ன திட்டமிட வேண்டும்?

திரும்பி வரும் வழியை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வரில் ஏழில் மட்டும் புதிய கோடை ஏற்றியிருந்தது. எட்டாவதில், வருடக்கணக்காக உபயோகத்தில் இல்லாத பழைய கோட் அப்படியே கிடந்தது. அதை இயக்கும் ஃபிளாகை (ஆன், ஆஃப் சுவிட்ச் போன்ற அமைப்பை) புதிய வசதிக்கு மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. பதற்றத்தில் ஏழு சர்வரிலிருந்தும் புதிய கோடை எடுத்தார்கள், இப்போது எட்டும் தவறாக ஓடின. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம்.

ஏற்றுவதை மனிதக் கைக்கு விடாமல் ஸ்கிரிப்ட் செய்ய வேண்டும், எல்லா மெஷினிலும் ஒரே பதிப்புதானா என்று அதுவே சரிபார்க்க வேண்டும். பழைய ஃபிளாகை மறுபடி பயன்படுத்தாதீர்கள், செத்த கோடை அழியுங்கள். முதலில் ஒரு சர்வர், கொஞ்சம் பயனர்கள், எரர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மற்றவை.

கோடைத் திருப்புவது எளிது, டேட்டாபேஸைத் திருப்புவது கடினம். அதனால் டேட்டாபேஸ் டேபிளில் ஒரு காலத்தின் (column, நெடுவரிசை) பெயரை மாற்றுவதைக்கூட ஒரே ரிலீஸில் செய்யக் கூடாது. முதல் ரிலீஸில் புதிய காலத்தைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள், படிப்பது மட்டும் பழையதிலிருந்து. அடுத்து, பழைய வரிகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் புதிய காலத்துக்கு நகலெடுத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவதாகப் படிப்பதைப் புதியதுக்கு மாற்றுங்கள், எழுதுவது இன்னும் இரண்டிலும்தான். இரண்டொரு வாரம் எந்தப் புகாரும் இல்லாமல் போன பிறகு பழைய காலத்தில் எழுதுவதை நிறுத்துங்கள். அதை அழிப்பது அதற்கும் அடுத்த ரிலீஸில்.